பூங்கா பெஞ்சில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு



மகனும் மருமகளும், அல்லது மகளும் மாப்பிள்ளையும், காலை எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட, பள்ளிவிட்டு வரும் பேரப்பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டு, பாலைக் காய்ச்சிக் கொடுத்து, இருட்டும் வரை அதற்குத் துணையாக இருந்து, இடையே அரைமணி நேரம் கிடைத்தால் தாம்பரத்திலுள்ள நம் பேட்டைப் பூங்காவுக்கு வந்து மூச்சு விட்டுக்கொள்ளும் உங்களுக்கு, உங்களுள் ஒருவனாகிய நான் இந்த மடலை எழுதுகிறேன். அந்த பெஞ்சில் அமர்ந்து நாம் பேசாத விஷயம் கிடையாது. முழங்கால் வலியையும் சர்க்கரை அளவையும் பற்றி எத்தனையோ மாலைகள் பேசியிருக்கிறோம். ஆயினும் நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் நாம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பேரப்பிள்ளையின் கையில் இருக்கும் போன் அநேகமாக நம்முடைய போன் என்பதுதான் அது.

அப்பாவின் போனுக்கு விரல்ரேகைப் பூட்டு உண்டு. அம்மாவின் போன் அவளோடு ஆபீஸுக்குப் போய்விடுகிறது. பிள்ளைக்கென்று வாங்கிக் கொடுத்த டேப்லெட் இத்தனை மணிக்கு மேல் இயங்காதபடி கட்டுப்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய போனோ, மறந்துவிடுமே என்ற பயத்தில் 1, 2, 3, 4 என்று நாமே வைத்த எண்ணுக்குத் திறந்துகொள்ளும் சத்திரத்துக் கதவு. அதில் எந்த விளையாட்டை இறக்கினாலும் நமக்குத் தெரியாது. அதன் கணக்கில் பிறந்த வருஷம் 1954 என்று பதிவாகியிருப்பதால், எதிரே இருப்பவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர் என்றே கொண்டு, பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு எதையும் மறைக்காமல் காட்டிக்கொண்டிருக்கும். என் மகனும் மருமகளும் வெகு பிரயாசைப்பட்டுக் கட்டிய வேலியில் சாத்தாமல் கிடந்த ஒரே படல் என் போன்தான் என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் அறிந்துகொண்டேன்.

இந்தப் பழக்கம் நம் வீடுகளுக்குள் வந்த விதத்தை நினைத்தால் யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை பிள்ளைக்கு எட்டாமல் அலமாரியின் மேல்தட்டில் இருந்த செல்போன், சில நாட்களுக்குள் பள்ளிக்கூடமாகவும் கரும்பலகையாகவும் வாத்தியாராகவும் ஆகிவிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் நம் மாநிலத்தில் மறுபடியும் வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். அந்த இருபது மாத காலத்தில் போனைத் தொடாதே என்று சொல்லி வந்த நாமே போனை எடு, மிஸ் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும்படி ஆயிற்று. பள்ளிகள் திறந்தன, போன் மட்டும் அலமாரிக்குத் திரும்பவில்லை.

சோறு ஊட்டும்போது போனைக் காட்டுவதைப் பற்றி நான் உபந்நியாசம் செய்யப் போவதில்லை. வாயில் இருப்பது பருப்புச் சோறா ரசச் சோறா என்பதைக்கூட அறியாமல் திரையைப் பார்த்தபடியே விழுங்கும் குழந்தையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஓராண்டு நிறையாத சிசுவுக்குத் திரை அறவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நலம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருப்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறேன்.

ஆனால் பிள்ளையின் பிடிவாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் காலத்து வானொலி நாடகம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தூர்தர்ஷன்கூட இரவு ஒரு வேளையில் நிகழ்ச்சிகளை முடித்துக்கொண்டு நம்மைத் தூங்க அனுப்பியது. விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும்படியான திரை 2006-ஆம் ஆண்டு வாக்கில் வகுக்கப்பட்ட ஓர் உபாயம்; அதை வகுத்தவர்களுள் ஒருவரான ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்கர், அதனால் விளைந்ததைக் கண்டு பின்னாளில் பகிரங்கமாகவே வருந்தினார். முடிவு என்பதே இல்லாதபடி செய்யப்பட்ட ஒன்றை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது பாதியில் நிறுத்தியதாகத்தான் இருக்கும். ஆகையால் போதும், வை என்று நாம் சொல்லும்போது குழந்தை குமுறி அழுவதை அடங்காப்பிடாரித்தனம் என்று கொள்வது நியாயம் ஆகாது. ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் பதிலாக, ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு முழுக் கதையைப் பெரிய திரையில் நம்மோடு உட்கார்ந்து பார்க்கும்படி செய்தால், அது முடிந்ததும் பிள்ளை தானாகவே எழுந்து போவதை எங்கள் வீட்டில் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான் இம்மடலை எழுத உட்கார்ந்தது இதற்காக அன்று. சென்ற ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்வதற்காக. இதை என் பேத்தியிடம் முழுவதும் வாசித்துக் காட்டி, அவள் வேண்டாம் என்று சொன்ன இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டு, அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவள் ஏழாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்ததும் என் போனில் வீடு கட்டும் விளையாட்டு ஒன்றை ஆடுவாள். குழந்தைகள் கல்லும் மரமும் அடுக்கி விளையாடுவதில் என்ன கெடுதல் என்று நானும் அருகிலேயே பத்திரிகை படித்துக்கொண்டிருப்பேன். அந்த விளையாட்டுக்குள்ளேயே, ஆடுகிறவர்கள் ஒருவரோடொருவர் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு சாட் பகுதி உண்டு என்பது எனக்குத் தெரியாது. அதில் அவள் வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பழக்கமாகி, விளையாட்டுக்கு வேண்டிய காசுகளை இனாமாகக் கொடுத்து, இரண்டு வார காலம் வெகு பிரியமாகப் பேசி, பிறகு இங்கே வேண்டாம், வேறு ஆப்பில் பேசலாம் என்று அழைத்துக்கொண்டு போய், அங்கே உன் போட்டோ ஒன்று அனுப்பு என்று கேட்க, இவளும் தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறாள். மறுநாளே குரல் மாறிவிட்டது. அந்த முகத்தை அசிங்கமான படத்தோடு ஒட்டி உன் வகுப்புக் குழுவுக்கு அனுப்பிவிடுவேன், அப்படிச் செய்யாமல் இருக்க வேண்டுமானால் வேறு மாதிரிப் படங்கள் அனுப்பு என்ற மிரட்டல் வந்திருக்கிறது.

மூன்று நாள் அவள் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள். பிரியமான தக்காளி சாதத்தை டப்பாவில் பாதி மிச்சம் வைத்துக் கொண்டுவந்தாள். கேட்டு வாங்கும் போனைத் தானாகவே என்னிடம் கொண்டுவந்து, மேஜைமேல் குப்புற வைத்துவிட்டுப் போனாள். அது டிங் என்று ஒலிக்கும்போதெல்லாம் அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. இவ்வளவையும் கண்ணால் பார்த்த நான், பேத்திக்குப் போன் ஆசை விட்டுப்போயிற்று என்று மகிழ்ந்தேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்; அதைப் பெருமையாக பெஞ்சில் உட்கார்ந்து சொல்லவும் சொன்னேன்.

நான்காம் நாள் சனிக்கிழமை. என் மனைவி அவளைத் தரையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தடவிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டியின் முகத்தைப் பாராமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, குழந்தை கேட்டிருக்கிறாள்: "பாட்டி, நம்ம போட்டோவ யாராவது அசிங்கமா மாத்தினா, அது நம்ம தப்பா?" என் மனைவி சீப்பை நிறுத்தவில்லை. பதறி எழுந்து, என்னடி செய்தாய் என்று அவள் முகத்தைத் திருப்பியிருந்தால் அந்த வாய் மறுபடியும் மூடிக்கொண்டிருக்கும் என்பதை, எந்தப் புத்தகமும் படிக்காமலே அவள் அறிந்திருந்தாள். "இல்ல கண்ணு, மாத்தினவன் தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சிக்கை எடுத்தாள். ஒவ்வொன்றாக எல்லாம் வெளியே வந்தது. பின்னல் முடிந்து, ரிப்பன் கட்டி ஆன பிறகே என்னைக் கூப்பிட்டாள்.

குழந்தைகள் கண்ணுக்குக் கண் பார்த்து அதிகம் சொல்வதில்லை. தலை பின்னும்போதும், வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போதும், இருட்டில் பாயில் படுத்திருக்கும்போதும்தான் அவர்களுடைய மனம் திறக்கிறது. அந்த வேளைகளெல்லாம் பெற்றோரைக் காட்டிலும் நமக்கே அதிகம் வாய்க்கின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லாத அவகாசம் நம்மிடம் இருக்கிறது.

மூன்று நாள் ஏன் சொல்லவில்லை என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். "சொன்னா அப்பா போனப் பிடுங்கிடுவாரு, அம்மா அழுவாங்க. நீங்களும் இனிமே போனே குடுக்க மாட்டீங்க, தாத்தா" என்றாள். அதற்கு முந்திய மாதம், ஏதோ அற்ப விஷயத்துக்காக, இன்னொரு தடவை பார்த்தேன் என்றால் இந்தப் போனை உடைத்துப் போட்டுவிடுவேன் என்று நான் சத்தம் போட்டது அப்போது நினைவுக்கு வந்தது. முகம் தெரியாத அந்த அயோக்கியன் என் பேத்தியைக் கட்டிப்போட்ட கயிறு அவனுடையது அன்று. நான் திரித்துக் கொடுத்தது. வீட்டில் சொன்னால் உனக்குத்தான் திட்டு விழும் என்பதுதானே இப்படிப்பட்டவர்களின் மூலதனம்? அந்த மூலதனத்தை நாம் பறித்துவிட்டால் அவர்கள் கையில் என்ன மிஞ்சும்?

ஆதலால் நான் உங்களை இரு கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றே. இன்று மாலையே உங்கள் பேரனிடமோ பேத்தியிடமோ ஒரு பிரதிக்ஞை செய்து கொடுங்கள். "போனில் எது நடந்தாலும், அதில் பாதித் தப்பு உன்னுடையதாகவே இருந்தாலும், என்னிடம் வந்து சொன்னால் உன்னைத் திட்டமாட்டேன், சொன்னதற்காகப் போனைப் பிடுங்கவும் மாட்டேன்" என்று சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் நம்பமாட்டார்கள். மாதம் ஒருமுறையாவது சொல்ல வேண்டும். இப்படி வாக்குக் கொடுத்தால் பயம் விட்டுப்போய்விடாதா என்று உங்களுள் ஒருவர் கேட்பார். நேரக் கட்டுப்பாடு வேறு, இது வேறு. இரவு ஒன்பது மணிக்கு எல்லாப் போன்களும், நம்முடையது உள்பட, கூடத்திலுள்ள சார்ஜருக்குப் போய்விட வேண்டும் என்பது வீட்டின் நியமம். அதை மீறினால் கண்டிக்கலாம். ஆபத்தில் இருக்கும் குழந்தை உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை என்பது ஒருக்காலும் இருக்கக்கூடாது.

அன்று நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது அவசரத்தில் உபகாரமாகும். அவனுக்கு ஒரு வார்த்தையும் பதில் எழுதவில்லை. இப்படிப்பட்டவனுக்கு ஒரு படமோ ஒரு ரூபாயோ கொடுத்தால் அடுத்த மிரட்டலை நாமே விலைக்கு வாங்கினோம் என்று அர்த்தம். அருவருப்பாக இருக்கிறதே என்று எதையும் அழிக்கவுமில்லை. கணக்கின் பெயர், போன் நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அவனை பிளாக் செய்தோம். குழந்தைகளுக்கான 1098 என்ற இலவச உதவி எண்ணில் என் மகன் பேசினான். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தான். பணம் போய்விட்ட விவகாரமானால் 1930 என்ற எண்ணை ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அழைக்க வேண்டும். அவன் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மிரட்டல் நின்றுவிட்டது, குழந்தையின் டப்பாவும் காலியாக வருகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், கெட்ட நோக்கத்தோடு குழந்தையை மின்னணுச் சாதனங்கள் மூலம் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும், குழந்தையின் உடலைக் காட்டும் படத்தை, அது உண்மையானதோ புனையப்பட்டதோ, ஊடகத்தில் வெளியிடுவதாக மிரட்டுவதையும் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத ஆண் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. பேரன்தானே, அவனுக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள், சங்கோசத்தினால் ஆண் பிள்ளைகள் இதை இன்னும் ஆழமாகப் புதைத்து வைப்பார்கள். குழந்தை எடுத்த அந்தரங்கப் படம் உண்மையிலேயே கைமாறிப் போய்விட்டாலும் உலகம் முடிந்துவிடவில்லை. காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023-இல் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையைத் தொடங்கியிருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டுவதில்லை; படம் நம் போனிலேயே இருக்க, அதன் கைரேகை போன்ற ஓர் எண்குறி மட்டும் உருவாகி, சேர்ந்துள்ள நிறுவனங்களுக்குப் போகிறது; அந்தக் குறியோடு பொருந்தும் படத்தை அவர்கள் தங்கள் தளங்களிலிருந்து கண்டுபிடித்து நீக்க அது துணைசெய்கிறது.

இனிச் சொல்லப் போவது எனக்கே கசப்பானது. அந்த மிரட்டலில் என் பேத்தியை எல்லாவற்றிலும் அதிகமாக நடுங்க வைத்தது, அவன் அவளுடைய பள்ளியின் பெயரைச் சரியாக எழுதியிருந்ததுதான். அவள் சொல்லவில்லை. யார் சொன்னது என்று தேடிப் பார்த்தபோது, நான் என் பேஸ்புக்கில், ஊர் முழுவதும் பார்க்கும்படியாக, யூனிபார்மும் மார்பில் பள்ளிச் சின்னமுமாக அவளை நிறுத்தி எடுத்த படத்தைப் பிறந்தநாள் வாழ்த்தோடு, அவள் முழுப் பெயரையும் எழுதிப் போட்டிருந்தது அகப்பட்டது. அவன் அங்கிருந்துதான் எடுத்தான் என்று சாதிக்க என்னிடம் சாட்சியம் இல்லை. எடுக்க முடிந்தது என்பதே எனக்குப் போதும். அன்றிரவே அப்படி நான் போட்டிருந்த நாற்பத்தேழு படங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். பேரப்பிள்ளையின் படத்தைப் போடுமுன் அதனிடமே ஒரு வார்த்தை கேட்பது என்ற வழக்கத்தை நாம் தொடங்கினால், நாளை வேறு யாராவது படம் கேட்கும்போது யோசிக்கலாம், மறுக்கலாம் என்ற அறிவு பிள்ளைக்கும் உண்டாகும்.

இன்னொன்றும் உண்டு. குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் வீடியோ நம் வாட்ஸ்அப்புக்கு வருமானால், எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்கூட அதை ஃபார்வேர்டு செய்யாதீர்கள். அனுப்புவது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை மாற்றி, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. அந்த வீடியோவில் இருக்கும் குழந்தைக்கும் எங்கேயோ ஒரு பாட்டி இருக்கிறாள்.

பதின்மூன்று வயதாகிவிட்டால் இன்ஸ்டாகிராம் வைத்துக்கொள்ளலாமாமே என்று சென்ற வாரம் ஓர் அம்மாள் கேட்டார்கள். அந்தப் பதின்மூன்று, பிள்ளையின் பக்குவத்தை அளந்து யாரும் வைத்த எல்லை அன்று. பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டலாகாது என்று அமெரிக்காவில் 1998-இல் ஒரு சட்டம் வந்ததால், அந்தத் தொல்லை வேண்டாம் என்று கம்பெனிகள் அதையே நுழைவாயிலாக வைத்துக்கொண்டன. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த எல்லையைப் பதினெட்டாக வைத்து, குழந்தைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அதன் விதிகளோ படிப்படியாகவே நடைமுறைக்கு வருவன. அவற்றை நம்பி நாம் இன்று மாலை கதவைத் திறந்து போட்டுவிட முடியாது.

போனுக்குள் செய்யக்கூடியது சில உண்டு. பிள்ளைக்குப் போன் வேண்டியிருந்தால், நம்முடையதைக் கொடுக்காமல், வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றில் பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்குத் தொடங்கி, கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் பெற்றோரின் போனோடு இணைத்துவிட்டால், புதிய ஆப் எதையும் அவர்கள் ஆபீஸில் இருந்தபடியே அனுமதிக்கவோ மறுக்கவோ செய்யலாம்; தூங்கும் நேரத்தில் அது தானே பூட்டிக்கொள்ளும். விளையாட்டுகளில் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியை செட்டிங்ஸில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் யார் பிள்ளையோடு என்ன பேசுகிறார்கள் என்பதை ஃபேமிலி லிங்க் சொல்லாது; அதைச் சொல்லக்கூடியது பிள்ளை ஒன்றுதான். பிள்ளைக்குத் தெரியாமல் அதன் போனை எடுத்துப் படிக்கலாமா என்றால், கூடாது என்பதே என் அபிப்பிராயம். இன்னின்னவற்றை நாங்கள் பார்ப்போம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டுப் பாருங்கள். தெரியாமல் படித்து ஒருநாள் அகப்பட்டுக்கொண்டால் அத்தோடு அந்தப் பிரதிக்ஞையும் போயிற்று.

இவற்றையெல்லாம் செய்ய நமக்குத் தெரியாதே என்று மலைக்க வேண்டாம், எனக்கும் தெரியாது. என் போனில் பேஸ்புக்கைப் பூட்டியதும், 1234-ஐ மாற்றியதும், கேம் வாங்கினால் பாஸ்வேர்டு கேட்கும்படி செய்ததும், பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்ததும் என் பேத்திதான். பூங்காவிலுள்ள மற்றத் தாத்தா பாட்டிகளுக்கும் செய்து தருகிறேன் என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாவல் மரத்தடி பெஞ்சில் இருப்போம். உங்கள் பேரப்பிள்ளையை உடன் அழைத்து வாருங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். கூகுள் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே போட்டுக்கொள்ளலாம். மூக்குக் கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெஞ்சுத் தோழன்